மணித் திருட்டு வழக்கின் எண்

மைலோ கூபிசெக்கைக் கைது செய்து விரல் ரேகை எடுத்தது உண்மை. நெப்ராஸ்கா மாநிலப் போலீஸின் கணினி அதைச் சொல்கிறது, மைலோவே ஒப்புக்கொள்கிறான். ஆனால் அவன்மேல் வழக்கு நடந்ததற்கு மெரிட் கவுன்டி நீதிமன்றத்தில் ஒரு வரிகூட இல்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்து ஆர்லிஸ் வாந்த்ரா இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடமாக அந்த நீதிமன்றத்தின் பதிவு அறை அவள் கையில் இருக்கிறது. இரும்புக் கதவு, உருளைகள்மேல் படுத்திருக்கும் பெரிய புத்தகங்கள், பழைய தோல் அட்டையின் வாசனை. எந்த வருடத்து எந்த வழக்கைக் கேட்டாலும் காபி ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று ஊரில் அவளுக்கு ஒரு பெயர்.

மைலோ கொண்டுவந்த போலீஸ் தாளில் மூன்றே வரிகள். அக்டோபர் 5, 1979. திருட்டு. முடிவு என்ற இடத்துக்கு எதிரே வெள்ளைத் தாள் மட்டும். அந்தக் காலத்தில் கவுன்டி போலீஸ் தலைவரான ஷெரீப் விரல் ரேகை அட்டையைத் தலைநகருக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். வழக்கு எப்படி முடிந்தது என்பதை நீதிமன்றம் அனுப்ப வேண்டும். பாதி நேரம் அனுப்பாது. அதனால் நெப்ராஸ்கா முழுக்க இப்படி முடிவில்லாத கைதுகள் எத்தனையோ தொங்கிக்கொண்டிருக்கின்றன. சம்பந்தப்பட்டவன் புதிய வேலைக்குப் போகும்வரை யாருக்கும் தெரியாது.

மைலோ தானியக் கிடங்கு லாரியை நாற்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன். போன வருடம் மனைவி இறந்த பிறகு சமையல்கட்டில் வானொலியோடு பேசிக்கொண்டிருந்தான். இப்போது பள்ளிக்கூடத்தின் நான்காம் தடப் பேருந்துக்கு ஓட்டுநர் இல்லை. சிறுவயதில் அவனே போய்வந்த தடம். எந்த வளைவில் பனி உறையும் என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். வியாழக்கிழமை பள்ளி வாரியம் கூடுகிறது. அதற்குள் வழக்கின் முடிவைக் காட்டும் முத்திரையிட்ட நகல் வேண்டும். இல்லாவிட்டால் வேலை பக்கத்து ஊர்க்காரனுக்கு.

"நாப்பத்து நாலு வருஷமா எவனும் கேக்கல. பஸ் ஓட்டறேன்னு போய் நின்னா கேக்கறானுங்க," என்றான் மைலோ.

"ஸ்கூல் பஸ்ஸாச்சே, கேக்கத்தான் செய்வாங்க. என்னத்த திருடின?"

"பக்கத்து ஊரு ஹார்லோ ஸ்கூலோட வெங்கல மணி. அவனுங்க ஆட்டத்துல ஜெயிச்சா அடிப்பானுங்களே, அது."

ஆர்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அது நீதானா? நான் அன்னிக்கு ஃபுட்பால் மேட்ச்ல ஸ்கூல் பேண்டோட கிளாரினெட் வாசிச்சுட்டிருந்தேன். ஆட்டத்துல இடைவேளை விட்டப்ப கடைத்தெரு பக்கத்துலேர்ந்து மணிச் சத்தம் வந்துச்சு. மைதானமே திரும்பிப் பாத்துச்சு."

"பாத்துச்சுல்ல?" மைலோவின் முகத்தில் பத்தொன்பது வயது ஒரு கணம் வந்து போனது.

அடுத்த ஜன்னலில் வண்டிகளுக்கு எண் பலகை கொடுக்கும் ட்விலா, "களவாணிக்கும் கிளாரினெட்டுக்கும் மலரும் நினைவா? இங்க வரிசையில ஆளு நிக்குது," என்றாள்.

ஆர்லிஸ் 1979-ஆம் ஆண்டுப் பெயர்ப்பட்டியலை உருவினாள். இந்தப் புத்தகம் வேலை செய்யும் விதம் அழகானது. வலது ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஆங்கில எழுத்துகள் வெட்டியிருக்கும். கே என்ற படியில் விரலை வைத்துத் திறந்தால் கே-யில் தொடங்கும் குடும்பப் பெயர்கள், வழக்கு வந்த வரிசையில். பெயருக்கு நேரே வழக்கு எண். அந்த எண்தான் சாவி. வழக்குக் கட்டுகளெல்லாம் நூறு மைலுக்கு அப்பால் ஒரு கிடங்கில் இருக்கின்றன. எண்ணைச் சொன்னால் புதன்கிழமை வேனில் கட்டு வந்துவிடும். எண் இல்லாமல் கேட்டால் தொலைபேசியிலேயே சிரிப்பார்கள். நெடுஞ்சாலை இந்தக் கவுன்டியின் நடுவே போவதால் வருடத்துக்கு நாலாயிரம் வேகமீறல் வழக்குகள். திருட்டும் வேகமும் ஒரே எண் வரிசையில் கலந்து கிடக்கும். தேதி வரிசையில் எழுதிய இன்னொரு புத்தகம் இருந்தது. கூரை ஒழுகிய வருடம் அது கூழாகிவிட்டது.

கே-யில் கூபிசெக் இல்லை.

இதற்கு ஆர்லிஸ் அசரவில்லை. பலர்மேல் ஒரே வழக்கு என்றால், இடத்தை மிச்சம் பிடிக்க அப்போதைய எழுத்தர் முதல் பெயரை மட்டும் எழுதி 'மற்றும் சிலர்' என்று முடித்துவிடுவார். முதல் பெயர் எது என்பதிலும் ஒரு முறை இருந்தது. பழைய ஷெரீப் விபத்து அறிக்கை எழுதிப் பழகிய மனிதர். எந்தக் குற்றமானாலும் வண்டியை ஓட்டியவர் பெயரை முதலில் எழுதுவார், பிறகு பக்கத்தில் இருந்தவர், பிறகு பின்னால் இருந்தவர்கள்.

"யார் யாரு போனீங்க?"

"லெனார்ட் ஜாப்கா, ரோலி பெசெக், வெர்னன் ஹாயெக், நான்."

"வண்டிய ஓட்டினது?"

மைலோ தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தான். "லெனார்டுன்னு வெச்சுக்கோயேன்."

இசட்டில் ஜாப்கா இல்லை. பி-யில் ரோலி பெசெக் பெயரில் அனுமதியில்லாமல் வான்கோழி சுட்ட வழக்கு இருந்தது, மணி இல்லை. எச்-சில் ஹாயெக்குகள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் வேகம். பக்கத்து வருடங்களையும் புரட்டினாள். மத்தியானம் போய் சாயங்காலம் ஆயிற்று.

"முப்பத்தொரு வருஷத்துல இப்பதான் நீ முழிக்கறத பாக்கறேன்," என்றாள் ட்விலா, கோட்டை மாட்டிக்கொண்டே. "கேலண்டர்ல குறிச்சு வெக்கட்டா?"

"உன் கல்யாண நாளயே நீ குறிச்சு வெச்சதில்ல. போ," என்றாள் ஆர்லிஸ்.

மைலோ கதவருகே நின்றான். "இல்லன்னு எழுதிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?"

"இல்லங்கறது வேற மைலோ, விடுதலைங்கறது வேற. நான் தேடினேன், கிடைக்கலன்னுதான் எழுத முடியும். அதுல உன் கைது அப்படியேதான் நிக்கும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போகிறவனின் தலையாட்டல் அது.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்லிஸ் வேறு வழியில் தேடினாள். பதிவு அறையின் பின்சுவரில் 'பிளெயின்ஸ்மன்' வாரப் பத்திரிகையின் பழைய தொகுப்புகள் இருந்தன. கதவளவு புத்தகங்கள். ஊர்ப் பத்திரிகை இருந்தவரைக்கும் ஒவ்வொரு வியாழனும் மூன்றாம் பக்கத்தில் 'நீதிமன்றத்தில் இந்த வாரம்' வரும். யார், என்ன குற்றம், என்ன முடிவு. ஊரே முதலில் மூன்றாம் பக்கத்தைத்தான் திறக்கும். அங்கே நான்கு பெயரும் சேர்ந்து வந்திருந்தால், முதலில் இருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

1979 அக்டோபரைத் திறந்தவள் வேலையை மறந்து பத்து நிமிடம் நின்றாள். ஊரின் செக் வம்சத்தவர் மண்டபத்தில் சனிக்கிழமை போல்கா நடனம். மாதா கோவில் பெண்கள் ஆயிரம் கொலாச்சி இனிப்பு ரொட்டி சுடப்போகிறார்கள், கசகசா வைத்தது, உலர்ந்த பிளம் வைத்தது. எப்போதோ மூடிவிட்ட செருப்புக் கடையில் குளிர்காலப் பூட்ஸ் வந்துவிட்டது. ஊர்வலமாகப் போகும் பள்ளி பேண்ட் படத்தில் மூன்றாவது வரிசையில், கண்ணாடி சரிந்து, அவளேதான். அந்தப் படத்திலுள்ள தெரு இப்போதும் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அதில் நடக்க ஆள்தான் இல்லை.

பக்கத்தைப் புரட்டினாள். நான்காம் தேதி இதழில் நீதிமன்றப் பகுதி இருந்தது. பதினொன்றிலும் இருந்தது, மணி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. பதினெட்டாம் தேதி இதழில் மூன்றாம் பக்கத்தில், பகுதி வரவேண்டிய இடத்தில், பன்றி இறைச்சி சமைக்கும் முறை பெரிய எழுத்தில் இருந்தது. இருபத்தைந்தில் மறுபடியும் நீதிமன்றம்.

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரம் விட்டுப்போகுமா? முந்தைய தொகுப்பை எடுத்தாள், பிந்தையதை எடுத்தாள். பனிப்புயலில் தபால் நின்ற வாரத்திலும் பகுதி வந்திருந்தது. ஆசிரியர் செட்லாசெக்குக்கே அபராதம் விழுந்த வாரத்தில், 'இப்பத்திரிகையின் ஆசிரியர், வேகம்' என்று முதல் வரியாக அவரே போட்டிருந்தார். வங்கி மேலாளர் மகன், பாதிரியாரின் தம்பி, யார் வந்து கெஞ்சினாலும் பெயரை எடுக்காத மனிதர். தன் பெயரையே போட்டவர், யாருடைய பெயரைப் போடாமல் பன்றி இறைச்சியைப் போடுவார்?

அவருக்கு ஒரே மகள். ஜாய்ஸ். விரலெல்லாம் அச்சு மையோடு திரிவாள். ஊர்த் துணுக்குகள் எழுதுவாள், வியாழக்கிழமைகளில் பத்திரிகைக் கட்டுகளை வண்டியில் கொண்டுபோய்ப் போடுவாள். அந்தக் குளிர்காலமே மேற்கே ஆரிகன் பக்கம் போய்விட்டவள், ஊருக்கு மறுபடி வரவேயில்லை.

ஆர்லிஸ் மைலோவைக் கூப்பிட்டாள். அவன் பத்தே நிமிடத்தில் வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான்.

"மைலோ, உக்காரு. மணிய எதுல தூக்கிட்டு வந்தீங்க?"

"வேன்ல."

"அவ்வளவு பெரிய மணி. உங்க நாலு பேர்ல யாருகிட்டயும் வேன் கெடையாது. யார் வேன்?"

"தெரிஞ்சவங்களுது."

"என்ன கலர்?"

"மஞ்ச."

"பக்கவாட்டுல ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?"

மைலோ அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கிற்று. சிரித்துக்கொண்டிருந்தான். "எங்கள எப்படிப் புடிச்சானுங்கன்னு நெனைக்கற? ரெண்டு பக்கமும் முழம் நீளத்துக்குப் பத்திரிகப் பேரு. ஹார்லோவில ஒரு கிழவி ஜன்னல்லேர்ந்து படிச்சே சொல்லிட்டா."

"அப்ப ஓட்டினது லெனார்ட் இல்ல."

சிரிப்பு நின்றது. "ஆர்லிஸ், நான் ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன். கோர்ட்டு முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் அவர் தானியக் கிடங்குக்கு வந்தார். எங்க நாலு பேர் பேரயும் போடறதில்ல, நாங்களும் அஞ்சாவது ஆளப் பத்தி வாயத் தொறக்கறதில்லன்னு பேச்சு. 'என் பேர டைப் அடிச்சிருக்கேன்டா, இந்தப் பேர அடிக்கக் கை வரல'ன்னார். மத்த மூணு பேரும் சொல்லாமயே போய்ச் சேந்துட்டானுங்க. நான் மட்டும் ஒரு பஸ்ஸுக்காகச் சொல்றதா?"

"உன் பெண்டாட்டிகிட்ட கூடச் சொல்லலயா?"

"அவகிட்ட எப்படிச் சொல்றது," என்றான் மைலோ. "நான் ஏன் அந்த வேன்ல ஏறினேன்னு கேப்பாளே. மணிக்காகவா ஏறினேன்?"

ட்விலாவின் ஜன்னலில் யாரோ எண் பலகைக்குத் திருகாணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைலோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான். "ஒரு கையால ஓட்டிக்கிட்டு இன்னொரு கையால பின்னாடி மணிக் கயித்த இழுத்துக்கிட்டு வந்தா. கடைத்தெரு பூரா. ஒரு ஆளு இல்ல, எல்லாம் ஆட்டத்துல. எங்களுக்காகவே அடிச்ச மாதிரி இருந்துச்சு."

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்த அந்தச் சத்தத்தை ஆர்லிஸ் மறுபடி கேட்டாள். இத்தனை வருடம் அது யார் கை என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ எதுவும் சொல்ல வேணாம்," என்றாள். "உன் வாக்கு உன்கிட்டயே இருக்கட்டும். இது பொதுப் புத்தகம். நாப்பத்து நாலு வருஷமா யாரு வேணா வந்து தொறந்திருக்கலாம். இப்ப நான் தொறக்கறேன். நீ ஜன்னலப் பாத்துட்டு நில்லு."

மைலோ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். தெருவில் காற்று மட்டும் சோளத்தாளை உருட்டிக்கொண்டு போயிற்று. ஆர்லிஸ் எஸ் என்ற படியில் விரலை வைத்தாள். செப்டம்பர் தாண்டி, அக்டோபர் வரிசைகளுக்குள் நகத்தை இறக்கினாள். பக்கத்தின் நடுவே, கறுப்பு மையில், எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில் அது இருந்தது. பத்திரிகையில் ஆசிரியர் மறைத்தது இங்கே மறைந்தும் இருக்கவில்லை, தெரிந்தும் இருக்கவில்லை. சரியான பெயரோடு வருகிறவருக்காகக் காத்திருந்தது.

"இருக்கா?" என்றான் மைலோ திரும்பாமலே.

"இருக்கு."

அவன் தொப்பியைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டான்.

ஆர்லிஸ் கிடங்குக்குத் தொலைபேசியில் எண்ணைச் சொன்னாள். புதன்கிழமை வேனில் கட்டு வந்தது. ஐவரும் மணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஹார்லோவிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நீதிபதி கைப்பட எழுதிய ஒரே ஒரு தாள் உள்ளே இருந்தது. வியாழக்கிழமை காலை அதன் நகலில் முத்திரை அழுத்தி மைலோவிடம் கொடுத்தாள். பிறகு, அடுத்து யாரும் இப்படி அலையக்கூடாதென்று, பட்டியலில் கே, இசட், பி, எச் நான்கு படிகளிலும் பென்சிலால் ஒரே எண்ணையும் குறிப்பையும் எழுதி வைத்தாள்.

வழக்கு எண் 79-3116. மாநில அரசு எதிர் ஜாய்ஸ் செட்லாசெக் மற்றும் நால்வர். பட்டியலில் ஓட்டுநர் பெயரில் பார்க்கவும். அக்டோபர் 15, 1979 அன்று ஐவர்மீதும் தள்ளுபடி.