மூன்றரை மீட்டர்

குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்கு 'மில்லிமீட்டர் அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகப் பழைய காகித வரைபடங்களைக் கணினிக்குள் ஏற்றுவதுதான் அவள் வேலை. ஒரு குழாய் அரை அடி தள்ளி வரையப்பட்டிருந்தால்கூட அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இன்ஜினியரிடமிருந்து போன் வந்தது. குன்றைக் குடைந்து போகும் எழுபது வருடத்துப் பழைய தண்ணீர்ச் சுரங்கத்தில் கூரை இடிந்துவிட்டது. ரிப்பேருக்குப் போன இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் மேஸ்திரி, இன்னொருவர் வெல்டர். அந்த வெல்டர் அவளுடைய கொழுந்தன்.

"உயிரோட இருக்காங்களா சார்?"

"இடிஞ்சதும் உள்ள இருக்கிற போன்ல பேசினாங்க. நானூற்றுப் பத்தாவது மீட்டர்ல, வால்வு கிட்ட நிக்கிறோம்னாங்க. அதோட லைன் செத்துப் போச்சு. வாசல்ல விழுந்த கல்லை எடுக்க ஒரு நாளுக்கு மேல ஆகும். அதுவரைக்கும் உள்ள காத்து தாங்காது. மேலேயிருந்து போர் போட்டுக் காத்து அனுப்பப் போறோம். இடத்தைக் குறிச்சாச்சு, நீங்க வரணும்னு இல்ல. வீட்டுக்குத் தகவல் சொல்லணுமேன்னு கூப்பிட்டேன்."

'இடத்தைக் குறிச்சாச்சு' என்ற வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது.

"எதை வெச்சு சார் குறிச்சீங்க?"

"நீங்க எழுதின புரோகிராமை வெச்சுத்தான். பழைய மேப்ல அந்த வால்வுக்கு இருந்த நம்பரைப் போட்டேன், ஜி.பி.எஸ். நம்பர் வந்துச்சு. நாலு தசமம் வரைக்கும் சுத்தமா காட்டுது."

"போர் போடாதீங்க சார். நான் வர்றேன்."

விஷயம் இதுதான். எழுபது வருடத்துக்கு முன்னால் அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் பூமிக்கு ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு அளந்தார்கள். இன்றைய செயற்கைக்கோள்கள் வேறோர் உருவத்தை வைத்து அளக்கின்றன. அதனால் ஒரே இடத்துக்கு இரண்டு விலாசம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. அவள் புரோகிராமில் இருப்பதும் அதுதான்; நாடு முழுவதற்கும் பொதுவாகப் போட்ட சூத்திரம். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏதோ ஒரு மூலையில் நாலு மீட்டர் வரை பிசகும். சாலை போடுகிறவனுக்கு அது பெரிதில்லை. சுரங்கத்தின் அகலமோ இரண்டே மீட்டர். இதை அவளே அந்தப் புரோகிராமின் அடியில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

அவள் போய்ச் சேர்ந்தபோது குன்றின் சரிவில் போர் லாரி நின்றுகொண்டிருந்தது. புல்லின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே பஸ் டிரைவரான அவள் கணவன், டூட்டியைப் பாதியில் விட்டுவிட்டு யூனிஃபார்மோடு நின்றான். போர்க்காரர் இயந்திரத்தில் கை வைத்திருந்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க," என்றாள் இன்ஜினியரிடம்.

"ஒரு மணி நேரமா? உள்ள இருக்கிறது உங்க வீட்டு ஆளும்மா!"

"அதனாலதான் சார் கேக்குறேன். இங்க போட்டா வெறும் பாறையிலதான் இறங்கும்னு பயமா இருக்கு. முப்பத்தெட்டு மீட்டர் துளைச்சு முடிக்க மூணு மணி நேரம். தப்பிப் போச்சுன்னா இன்னொரு மூணு மணி நேரம். அதுக்குக் காத்து இருக்குமா?"

இன்ஜினியர் போர்க்காரரைப் பார்த்தார். போர்க்காரர் இயந்திரத்திலிருந்து கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டார். "நான் நேரா இறக்கிடுவேன் சார், அது என் பொறுப்பு. எங்க இறக்கணும்னு இந்தம்மா சொல்லட்டும்."

செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் நட்டுவிட்டுப் போன சர்வே கற்களின் எண்கள் பழைய வரைபடத்தில் இருந்தன. அந்தக் கற்களின் மேலேயே ஜி.பி.எஸ். கருவியை வைத்து அளந்தால், சூத்திரம் சொல்லும் இடத்துக்கும் கல் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

ஜீப்பில் கிளம்பியபோது கணவன் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான். "எங்க போற? அவன் உள்ள கிடக்கிறான், நீ கல்லு தேடப் போறியா?"

அவள் ஜீப் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குன்றின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முதல் கல். கருவியை நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டாள். சூத்திரம் சொன்ன இடத்திலிருந்து கிழக்கே மூன்று மீட்டர் பன்னிரண்டு சென்டி, தெற்கே ஒரு மீட்டர் நாற்பத்தாறு. பயந்தது சரிதான்.

இரண்டாவது கல் ஒரு சலவைக் கடையின் பின்வாசலில். அங்கே கிழக்கே இரண்டு மீட்டர் முப்பதுதான் வந்தது. மறுபடி அளந்தாள், அதே எண். எந்தக் கல்லை நம்புவது? சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கல்லையா அளக்குறீங்க? போன வருஷம் லாரிக்காரன் ரிவர்ஸ்ல வந்து பேத்துட்டாம்மா. நான்தான் திரும்ப நட்டு வெச்சேன். தப்பா ஏதாவது...?"

"ஐயா, இதைச் சொன்னதுக்கு நீங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

ஒரு கல்லை மட்டும் நம்பி இறங்க முடியாது. சுரங்க வாசலில், கல் அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே மண்டியிட்டுச் சேற்றைக் கையால் வழித்தாள். அடியில் சுரங்கம் வெட்டியபோது அடித்த பித்தளை ஆணி அப்படியே இருந்தது. கிழக்கே மூன்று மீட்டர் பத்து சென்டி, தெற்கே ஒரு மீட்டர் நாற்பத்தெட்டு. முதல் கல்லோடு இரண்டே சென்டிதான் வித்தியாசம்.

சிவப்புக் குறியிலிருந்து மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி ஒரு முளையை அடித்தாள். பார்க்க ஒன்றுமே இல்லை, இரண்டு கட்டில் போடுகிற இடம். "இங்க," என்றாள். அப்போது மணி பதினொன்றேகால்.

அடுத்த மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. மாமியார் ஆறு தடவை போனில் கூப்பிட்டாள், அவள் எடுக்கவில்லை. மனதுக்குள் கூட்டலைக் கழித்தலாகப் போட்டுவிட்டோமோ, கிழக்கை மேற்காக்கிவிட்டோமோ என்று ஓடிக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்ட தாளை விரித்துவிரித்துப் பார்த்ததில் அது மடிப்பில் கிழிந்தே போனது. முப்பத்தைந்து மீட்டர். பாறை. முப்பத்தாறு. பாறை. முப்பத்தேழு மீட்டரிலும் வெள்ளைப் பாறைத் தூள்தான் பறந்தது.

திடீரென்று இயந்திரம் கத்தும் சத்தம் மாறியது. துளை போடும் கம்பி ஓர் ஆள் உயரத்துக்குச் சட்டென்று கீழே இறங்கியது. போர்க்காரர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினார். குன்றில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கம்பியில் யாரோ கல்லால் தட்டினார்கள். டொக். டொக். டொக்.

இன்ஜினியர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். போர்க்காரர் கம்பிகளை மேலே இழுத்துவிட்டுத் துளைக்குள் குழாயை இறக்கினார். அவள் குப்புறப் படுத்து அதில் வாயை வைத்துக் கத்தினாள். "தம்பி! கேக்குதா?"

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது. "யாரு, அண்ணியா? மேஸ்திரி மடியில விழப் பாத்துச்சு உங்க கம்பி! மனுஷன் இப்பதான் அசந்து தூங்கினாரு!"

"அடிபட்டிருக்கா?"

"அவருக்குக் கால்ல கொஞ்சம். எனக்கு ஒண்ணுமில்ல. பசிதான் உயிர் போகுது."

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், முகமெல்லாம் பாறைத் தூளும் கண்ணீருமாகக் குழைந்து போயிற்று. கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கு விஷயம் எட்டியதும் ஒரே ஆரவாரம். குழாய் வழியாகக் காற்றும், பிறகு தண்ணீரும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் இறங்கின. மாமியாரை அவளே கூப்பிட்டாள். "அத்தை, பேசினேன். பசிக்குதாம்."

"பசிக்குதாமா?" என்று கேட்டுவிட்டு மாமியார் ஓவென்று அழுதாள்.

மறுநாள் மத்தியானம் வாசல் வழியாக இருவரையும் வெளியே கொண்டுவந்தார்கள். மேஸ்திரி ஸ்ட்ரெச்சரில், கொழுந்தன் தன் காலாலேயே நடந்து. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவனை அண்ணன் கட்டிப் பிடித்த பிடியில் அவனுக்கு மூச்சு முட்டியது.

"விடுண்ணா, உள்ள இருந்த காத்துகூட இங்க இல்ல."

இன்ஜினியர் அவளிடம் வந்து தலையைச் சொறிந்தார். "அந்தப் பொடி எழுத்தைக் கொஞ்சம் பெரிசா போடுங்கம்மா. மேல போடுங்க."

"இன்னிக்கே போட்டுடுறேன் சார்."

"இன்னிக்கு வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது கணவன்தான் ஓட்டினான். சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே, "நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றான்.

"நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்," என்றாள். அதற்கு மேல் அவளால் விழித்திருக்க முடியவில்லை. சிக்னல் பச்சையாவதற்குள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப் போனாள்.