கல் விதைத்த பாத்தி

ஹைட்டி நாட்டு மலையில் இருந்த மிஷன் பள்ளியில் அன்று விவசாய வகுப்பு. விதைக்கக் கொடுத்த பீன்ஸ் கொட்டைகளை ஜெஸுலா பாவாடையில் முடிந்துகொண்டு, பாத்தியில் கூழாங்கற்களைப் புதைத்தாள். அடுப்பு மூட்டியே நாளாகியிருந்த வீட்டில் அம்மா அந்தப் பீன்ஸை வேகவைத்தாள்; தம்பி அழுகையை நிறுத்தினான்.

மழை பெய்தும் ஒன்றும் முளைக்கவில்லை. அமெரிக்கப் பாஸ்டர் அவள் பாத்தியருகே மண்டியிட்டார்.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட விதைக்கு உயிர் கொடுங்க.”

ஜெஸுலா பக்கத்துப் பாத்தி விட்லீனிடம் கிசுகிசுத்தாள்: “எனக்கு நரகந்தான்டி. உள்ள வெறும் கல்லு.”

“நீ மட்டும் தனியாப் போறேன்னு நினைச்சியா? சுத்திப் பாருடி, சனியனே.”

எந்தப் பாத்தியிலும் பச்சை இல்லை. பிள்ளைகள் எல்லோரும் தொண்டை கிழிய ஆமென் சொன்னார்கள்.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இங்கே மண்ணில் சத்தே இல்லை என்று தன் ஊர்ச் சபைக்கு எழுதினார். அவர்களும் மனமிரங்கி, கப்பல் நிறைய உரம் அனுப்பிவைத்தார்கள்.