மாடிப்படி வீடு

மதியச் சாப்பாடு முடிந்து தையல் மிஷின்கள் மறுபடி இரையத் தொடங்கிய நேரத்தில்தான் அண்ணன் அனுப்பிய படம் இளையவளின் போனில் வந்து விழுந்தது. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துப் பாட்டியாகிவிட்ட பிறகும் அவள் இளையவள்தான். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை. மடியில் யாருடைய வரவேற்பறைக்கோ போக வேண்டிய பத்து மீட்டர் பூத்துணி கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

புதுப்படம் ஒன்றுமில்லை. அப்பாவின் கட்டிலுக்கு மேலே பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அதே படம்தான். சட்டத்துக்குள் ஈரம் இறங்கிவிட்டதென்று அண்ணன் அதைப் பிரித்தெடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கியிருந்தான். மீசை வைத்த ஒருவர் விறைப்பாக நிற்கிறார். அது தாத்தா. அவர் கைக்கு அடங்கிய உயரத்தில் அரைக்கால் சட்டையோடு ஐந்து வயதுப் பையன். அது அப்பா. ஒரு காலில் ஷூ இருக்கிறது, இன்னொரு காலில் இல்லை. கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் பின்னால், அகலமாக வளைந்து மேலே ஏறிப் போகிறது ஒரு மாடிப்படி.

அந்தப் படிதான் அவர்கள் குடும்பத்தின் பெருமை முழுவதும். படம் எடுத்த கையோடு தாத்தா பையனைக் கூட்டிக்கொண்டு வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்தார். வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். கூட வேலை பார்த்த ஒருவர்தான் பையனை வளர்த்தார். ஊர் பெயர் பையனுக்குத் தெரியாது. ஐந்து வயதில் ஊருக்கு ஊர் என்றுதான் பெயர், அம்மாவுக்கு அம்மா என்றுதான் பெயர். கடல் சத்தம் கேட்கும், பாப்பா என்று கைக்குழந்தையாய் ஒரு தங்கை இருந்தாள், மாடிப்படி வீடு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு அப்பா ஒரு ஆயுளை ஓட்டிவிட்டார். படியில் ஓடி வரும்போதுதான் அந்த ஷூ கழன்று விழுந்ததாம். கைப்பிடியில் ஒரு கம்பி பாதியாகத் தெரிகிறதே, அதை உடைத்ததும் அவர்தானாம். இளையவளின் அம்மா இருந்தவரை, யாராவது அப்பாவை இளப்பமாகப் பேசினால், "அவங்க மாடிப்படி வீட்டுப் பிள்ளை" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

பாப்பாவைத் தேடாமல் இல்லை. விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலையும் அண்ணன், கடலோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் வளைந்த படி வைத்த பழைய வீடு இருக்கிறதா என்று விசாரிக்காமல் திரும்ப மாட்டான். ஒரு ஊரில் அப்படியொரு வீடு கிடைத்தேவிட்டது. படத்தைக் காட்டி, "இது எங்க தாத்தாவா இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறான். சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து அவர்கள் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த ஓட்டத்தை அவன் இன்னும் சொல்லிச் சிரிப்பான். ஆனால் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் சுவர்தான். அப்பாவுக்கோ இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கண்ண மூடுறதுக்குள்ள பாப்பா இருக்காளா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்பதில்லை.

இளையவள் இரண்டு விரலால் படத்தை விரித்தாள். முதலில் தாத்தாவின் மீசை. பிறகு அந்த உடைந்த கம்பி. பார்த்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கம்பி உடையவில்லை. பாதிக் கம்பி வழியாக மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடியது; அதற்கு ஒரு பக்கம் எல்லாமே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டு பட்டைத் துணியை மூட்டும்போது டிசைன் சேராமல் போனால் அப்படித்தான் ஆகும். முந்தின வாரம்தான் அதற்காக முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். படத்தைக் கீழே நகர்த்தினாள். இத்தனை வருஷம் சட்டம் மறைத்திருந்த அடி விளிம்பில், கடைசிப் படி தரையைத் தொடும் இடத்தில், துணி லேசாகச் சுருண்டு கிடந்தது.

ஆயுசு முழுக்கத் திரை தைத்துவிட்டு ஒரு திரையைப் போய் வீடு என்று நம்பியிருக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ நான் நாய்கிட்ட கடி வாங்கப் பார்த்ததெல்லாம் ஒரு துணிக்காகவா?"

"வீட்டத் தேடுனதாலதாண்ணா ஆள் கிடைக்கல. இதை அப்பாகிட்ட சொல்லணும்."

"வாயைத் தொறக்காத. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கறதே அந்த வீடு ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா எப்படி?"

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் படத்தில் பொய் எது, நிஜம் எது என்று அப்பாவைத் தவிர வேறு யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அங்க என்ன குசுகுசுன்னு? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

அதற்கு மேல் மென்று விழுங்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, அது படி இல்லப்பா. துணியில வரைஞ்சது. படம் எடுக்கறவங்க பின்னாடி தொங்க விடுவாங்கல்ல, அது."

"நான் அதுல இறங்கி வந்திருக்கேன்டி."

"ம்."

"கைப்பிடில சறுக்கியிருக்கேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மறுநாள் கஞ்சியை இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டார். கேட்டதற்கு மட்டும் தலையாட்டினார். தன் கையாலேயே அப்பாவை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டோமென்று இளையவள் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஆணி மட்டும் மிச்சமிருந்த வெற்றுச் சுவரை அப்பா நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு ஒரு காலையில், அவள் தலையணையைச் சரிசெய்யும்போது, யாரையோ விசாரிப்பதுபோலக் கேட்டார். "துணின்னா அது ஒருத்தருக்காக மட்டும் தொங்காது, இல்ல?"

"ஆமாப்பா. வர்றவங்க எல்லாருக்கும் அதேதான்."

"அப்போ எங்க வீட்டத் தேடாத. அந்தத் துணிய வச்சிருக்கறவங்களத் தேடு."

இத்தனை பேர் இத்தனை வருஷம் முட்டிக்கொண்டு நின்ற சுவரில், படுத்த படுக்கையாகக் கிடந்த மனுஷன் ஒரு வழி திறந்துவிட்டார். இளையவள் அன்றைக்கு லீவு போட்டாள். படத்திலிருந்து தாத்தாவையும் அப்பாவையும் வெட்டிவிட்டு வெறும் படியை மட்டும் வைத்தாள். பழைய புகைப்படங்கள் போடும் குழுக்கள் போனில் எத்தனை அகப்பட்டனவோ அத்தனையிலும் போட்டாள். 'உங்கள் வீட்டுப் பழைய படம் எதிலாவது இந்த மாடிப்படி இருக்கிறதா? கைப்பிடியில் ஒரு கம்பி பாதியாக இருக்கும்.' முகத்தைக் காட்டிக் கேட்டபோது ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. படியைக் காட்டியதும் ஆளாளுக்கு வந்தார்கள். கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு கால்பந்து அணி, பட்டம் வாங்கிய ஒரு பெண், எல்லோருக்கும் பின்னால் அதே பாதிக் கம்பி. 'இது எங்க பூர்வீக வீடாச்சே, உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவரோடு சண்டை போட அவளுக்கு மனம் வரவில்லை. விசாரித்தால் எல்லோரும் ஒரே துறைமுக ஊரைத்தான் சொன்னார்கள். அண்ணன் ஒருமுறைகூட இறங்காத ஊர் அது. சின்னச் சின்ன ஓட்டு வீடுகள் மட்டுமே இருந்ததால் ரயிலிலிருந்து பார்த்துவிட்டே விட்டுவிட்டானாம்.

அந்தப் படங்களுக்கு நடுவில்தான் அந்த ஊரில் யாரோ ஒரு வீட்டு மருமகள் அனுப்பியது இருந்தது. 'என் மாமியார் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது. மாமியார் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். கூட இருப்பது அவருடைய அம்மா.'

இளையவள் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போய் அப்பாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். படிக்கு முன்னால் ஒரு பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் குழந்தை. சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் சிரிப்பை அடக்க முடியாதவளைப் போல உதட்டை இறுக்கியிருந்தாள். அவளுடைய வலது கையில் ஒரு சின்ன ஷூ இருந்தது.

அப்பாவின் கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் இறங்கி மூக்கோரம் வந்து நின்றது.

"கழட்டி எறிஞ்சிட்டேன்" என்றார். "கடிச்சுது. அம்மா அத எடுத்து, போட்டுக்கோ போட்டுக்கோன்னு நீட்டிட்டே இருந்தா. அவ பக்கம்தான் பார்த்துட்டிருந்தேன்."

"படி?"

"படியெல்லாம் இல்லடி. பெயிண்டு நாத்தம்தான் இருந்துச்சு."

அண்ணன் கதவோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பக்கத்திலிருந்து மருமகள் செய்தி அனுப்பியிருந்தாள்: மாமியாரிடம் சொல்லிவிட்டேன், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இப்போது வீடியோவில் கூப்பிடலாமா? இளையவள் கூப்பிடச் சொல்லிவிட்டு அப்பாவின் தலையைச் சீவிவிடப் போனாள்.

"அதெல்லாம் அப்புறம். என் செருப்ப எடு."

"அப்பா, போன்ல கால் தெரியாதுப்பா."

"தெரியாட்டி என்ன? ரெண்டையும் எடு."

அவள் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். மாசக்கணக்கில் தரையில் படாத செருப்பு, தூசி அடைந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, முழங்காலிட்டு அவருடைய வீங்கிய பாதத்தைத் தூக்கி ஒன்றை மாட்டினாள். இன்னொன்றை மாட்டப் போகும்போது கட்டிலின் மேல் கிடந்த போன் அடிக்கத் தொடங்கியது. "இருடா, எடுக்காத" என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்பா குனிந்து, வெறுங்காலாக இருந்த அந்தக் காலை அவள் பக்கம் நீட்டினார்.