நடுப்படியில் மாதா

“அன்ரி, படி நீண்டுபோச்சு.”

“ஓம், போன கிழமையும் நீண்டது. தேத்தண்ணி குடிக்கிறியா?”

பேர்ணடெற் அன்ரியும் அவருடைய அண்ணன் மகள் லவினாவும் முதன்முதலில் அதைப் பற்றிக் கதைத்தது இவ்வளவுதான் என்று கொட்டாஞ்சேனையில் சொல்வார்கள். அன்ரியின் மூன்றாம் மாடிக்கும் கீழேயுள்ள இரண்டாம் மாடிக்கும் இடையிலிருந்த படிக்கட்டு மட்டும் பூசணிக்கொடி மாதிரி வளர்ந்தது. பார்க்க வந்த மாநகரசபைக்காரர் சீமெந்து நல்லது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, இறங்கி முடியுமுன் பசித்து, பாதிவழியில் குந்தியிருந்து பணிஸ் சாப்பிட்டார்.

அன்ரிக்கு வயது எழுபத்தாறு, கலியாணம் கட்டாதவர், முழங்கால் இரண்டிலும் நோவு. ஆகவே லவினாவும் தம்பி ரெனால்டும் பராமரிப்புள்ள முதியோர் இல்லம் தேடத் தொடங்கினார்கள். அன்ரி சந்தோஷமாகவே எல்லா இடத்துக்கும் கூடப் போனார். ஹெவ்லொக் டவுனில் காகங்கள் போதாது என்றார். முகத்துவாரத்தில் மீன் குழம்புக்கு உப்பில்லை என்றார். சிற்றாலயம் இல்லாததுதான் குறை என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவுகட்டி, வெள்ளவத்தையில் சிற்றாலயமும் லிப்டும் உள்ள இல்லமொன்றைக் கண்டுபிடித்தார்கள். அறை வடிவாக இருக்கிறது என்ற அன்ரி, போகும் நாள் குறித்த பிறகும் ஒரு சட்டையைக்கூட மடித்து வைக்கவில்லை.

செபமாலை மாதமான ஒக்டோபரில் தேவமாதாவின் சொரூபம் அந்த மாடிவீடுகளில் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். அன்ரி வீட்டுக்கு அடுத்தது கீழே இரண்டாம் மாடியில், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற, மனைவியை இழந்த ஒஸ்வால்டின் வீடு. எத்தனையோ ஒக்டோபராக அன்ரி சொரூபத்தோடு இறங்கி வருவார். ஒஸ்வால்ட் மெழுகுதிரியோடு வாசலில் நிற்பார். “கவனம், படி” என்பார். அன்ரி ஏதோ கேட்க வாயெடுத்து, மழை வரும்போல கிடக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். படி வளர வளர ஒஸ்வால்ட் பாதிவழி ஏறி வரலானார். அந்த வருடம் இறங்கிக்கொண்டே சொன்ன செபமாலை முழுதும் முடிந்தும் சொரூபம் கீழே போய்ச் சேரவில்லை. சனம் படிகளிலேயே இருந்து கோப்பி குடித்தது.

“திங்கட்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டுபோக வான் வருது அன்ரி,” என்றாள் லவினா. “இன்னும் என்ன குறை?”

“கோயில் வேணுமெண்டீங்கள், அதுவும் இருக்கு,” என்றான் ரெனால்ட்.

“நான் எப்பயடா கோயில் கேட்டனான்? நீங்களா நினைச்சுப்போட்டு என்னை ஊரெல்லாம் இழுத்தீங்கள்.”

திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தப் படியில் தனக்கு வேலையில்லை என்பது அன்ரிக்குத் தெரியும். மெழுகுதிரியை லவினாவிடம் கொடுத்துவிட்டுக் கையேந்திய ஒஸ்வால்டிடம் அன்ரி சொரூபத்தைக் கொடுத்தார். மாதாவை இரண்டு கையாலும் பிடித்தவர் எங்கும் நழுவ முடியாது. அந்நேரம் இருவருக்கும் நடுவில் புதிதாக ஒரு படி முளைத்தது. ஒஸ்வால்ட் அதில் காலை வைத்து மேலே ஏறி நின்றார்.

“ஒஸ்வால்ட்,” என்றார் அன்ரி, “அங்க பக்கத்து அறை காலியாக் கிடக்கு. நீங்களும் என்னோட வாங்கோவன்.”