மிதவை சொன்ன உயரம்

அப்பாவின் சட்டையில் கழுத்துப் பொத்தான் மட்டும் சேரவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய உடம்பு. மகள் அதை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. மலர்வளையத்தோடு இறங்கியவர் ஆய்வு நிலையத்தின் இயக்குநர்.

அவருக்காகத்தான் அவள் காத்திருந்தாள். இன்னும் அழவில்லை. அழுதால் உள்ளே எரிவது தணிந்துவிடுமோ என்று பயந்தாள்.

கடலில் மஞ்சள் மிதவைகளைச் சங்கிலி போட்டு நிறுத்துவது அப்பாவின் வேலை. அலையின் உயரத்தையும் திசையையும் மிதவை ஓயாமல் அளந்து நிலையத்துத் திரைக்கு அனுப்பும். வருடம் முழுக்க விட்டுப்போகாமல் சேர்த்தால்தான் ஒரு கரையின் குணம் பிடிபடும் என்பார். தெருவில் அவருக்குப் பெயரே 'மிதவை'தான்.

புயல் ஓய்ந்தும் ஓயாத நேரத்தில் ஒரு மிதவை சங்கிலி அறுந்து நகரத் தொடங்கியது. போய் இழுத்து வரச் சொன்னார் இயக்குநர். கிளம்புமுன் அப்பா மகளுக்குப் போன் செய்தார். "நாலு மீட்டர் காட்டுதும்மா. சொல்லிப் பார்த்தேன். போயே ஆகணுங்கறார்." படகு கவிழ்ந்தது. படகோட்டி மட்டும் பிழைத்தார்.

இயக்குநர் அம்மாவின் முன்னால் தலை குனிந்து நின்றார். கடல் அமைதியாகத்தான் இருந்தது, எங்கிருந்தோ ஒரு பெரிய அலை வந்துவிட்டது என்றார். விசாரணைக்கு வருகிறவர்களிடம் குடும்பமும் அப்படியே சொன்னால் நல்லது என்றார். கையில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்த படகோட்டி தரையைப் பார்த்தார்.

"அறுந்து போன மிதவை அப்பவும் அளந்துக்கிட்டுதானே இருந்தது?" என்றாள் மகள்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்டி. அப்பா படுத்திருக்கார்."

"அவருக்காகத்தாம்மா கேக்கறேன். சொல்லுங்க சார், அன்னைக்கு ஸ்க்ரீன்ல என்ன காட்டுச்சு?"

இதெல்லாம் இப்போது பேசுகிற விஷயமில்லை என்று இயக்குநர் முனகினார்.

"அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "நாலு," என்றார்.

"எல்லாருக்கும் கேக்கணும்."

"நாலு மீட்டர்."

படகோட்டி சுவரைப் பிடித்து எழுந்தார். "ரெண்டுக்கு மேல போனா படகையே எடுக்கக் கூடாது. விசாரணைலயும் இதைத்தான் சொல்வேன்."

அம்மா மகளின் கையை விட்டாள். இயக்குநரை முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்து, "பூவை எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. இயக்குநருக்கு ஒரு ஷூதான் கிடைத்தது. வளையத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து மற்றதைத் தேடினார். யாரும் உதவிக்கு வரவில்லை. பின்னாலேயே வந்த மகள் வாசல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மற்ற ஷூ பெஞ்சுக்கு அடியில், அவள் குதிகாலுக்குப் பின்னால் கிடந்தது.

அவள் காலை நகர்த்தவில்லை.