அக்காவின் காரில் நீலப் புகை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. எழுதக் கூடாது என்று சொன்னதும் அவள்தான், அதே தொலைபேசிப் பேச்சில். "எழுத விஷயமே கிடைக்கலன்னு புலம்புறியே, என் காரைப் பத்தி எழுதேன்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், நீ என்னைக் கிழவி ஆக்கிடுவ" என்றாள். நான் அவள் சொன்ன முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டேன்.

முதல் தொடக்கம் இப்படி: "காரின் பின்னாலிருந்து எழுந்த புகை, காலை வெயிலில் நீலமாக, ஏதோ ஒரு" என்று போய் நின்றது. ஏதோ ஒரு என்ன? வெகுநேரம் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். புகை புகை மாதிரிதான் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: "டர்போ என்றால் என்னவென்றால்". இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன். ஆனாலும் சொல்லாமல் விட்டால் பின்னால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது என்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். வண்டி பறக்கும். அந்தச் சக்கரம் தேயாமல் சுற்ற ஆயில் வேண்டும். இவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

2

அக்காவுக்கு ஐம்பத்து

(வயதைப் போடாதே என்று உத்தரவு. "முடி நரைத்த" என்று எழுதினேன், அதற்கும் வாங்கிக்கட்டிக்கொண்டேன். மகள் வேலைக்குப் போன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், விழுந்து எழுந்தவர்களின் கைகால்களை மடக்கி நீட்டிப் பழக்குவது வேலை. தோளில் கனமான பை, அதற்குள் ரப்பர் பட்டைகள், ஒரு பந்து, ஒரு துண்டு. பஸ் மாறி மாறிப் போய் ஊரார் முழங்காலைச் சரிசெய்துவிட்டு, தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். கார் வாங்கப்போகிறேன் என்றபோது அத்தான், "உனக்கெதுக்கு அதெல்லாம், நீ ஓட்டி எங்கயாவது இடிக்கவா?" என்றார். மகள், "சின்னதா, புதுசா பாரும்மா" என்றாள். நான் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. யாரோ ஓட்டித் தள்ளிய ஒரு சிவப்பு டர்போ காரை ஒரு டீலரிடம் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். கூடவே ஒரு சட்டம்: "என் வண்டியில யாரும் கை வைக்கக் கூடாது."

இந்தச் சட்டத்தை நினைவில் வையுங்கள் என்று எழுதுவது கதைக்காரனுக்கு அழகில்லை. ஆனால் எனக்கு உங்களை ஏமாற்றும் ஆசையும் இல்லை.

3

கொஞ்ச நாளில் புகை வந்தது. சிக்னலில் சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினால் பின்னால் நீலமாக ஒரு மூட்டம். பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் இருமிக்கொண்டே பக்கத்தில் வந்து, "அம்மா, கொசு மருந்து அடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

டீலர் மட்டும் நல்ல மனிதர். சனிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "திருப்பிக் குடுத்துடப்போறேன்டா. வண்டி நல்ல வண்டிதான். எனக்குத்தான் ஓட்டத் தெரியல, கெடுத்துட்டேன். உங்க அத்தான் சொன்னது சரியாப் போச்சு. இனிமே பஸ்ஸே போதும்."

இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வரி வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மேட்டில் மிதித்தவள், பாதியில் இறங்கித் தள்ளியதே கிடையாது. அப்படிப்பட்டவளா இப்படிப் பேசுகிறாள்? "சனிக்கிழம காலையில ஒரு தடவ காட்டிட்டு முடிவு பண்ணு" என்று கெஞ்சினேன்.

4

இப்போது மெக்கானிக் வர வேண்டும். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவரை அதிகம் பேசாதவராக, என்ஜின்மேல் காதை வைத்தே நோயைக் கண்டுபிடிப்பவராக எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. நிஜ ஆள் அப்படி இல்லை. எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார். அதனால் அவருக்குப் பெயரே பொறுமை. அந்தச் சமாச்சாரம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

சனிக்கிழமை காலை நாங்கள் ஐந்து பேர் அவருடைய பட்டறையில்: அக்கா, அத்தான், மகள், நான், பொறுமை. கார் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

"டர்போ காலி" என்றார்.

"இன்னும் பாக்கவே இல்லையே" என்றேன்.

"பொறுமையா இருங்க சார். கலரு சொல்லுதுல்ல."*

ஆனாலும் வேலை என்று வந்தால் ஒழுங்காகச் செய்வார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்தார். சும்மா ஓடவிட்டார். பிறகு திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். நீலமாக வந்தது. "பாத்தீங்களா?" என்று எங்களைப் பார்த்து, அவரே கண்டுபிடித்ததைப்போல் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு குழாயைக் கழற்றி, டர்போவின் சக்கரத்தை விரலால் ஆட்டினார். தேய்ந்திருந்தால் லொடலொடக்க வேண்டும்; ஆடவில்லை. மறுபடி ஆட்டினார். முகம் விழுந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏதோ மோசடி நடந்துவிட்ட குரலில்.

அப்போது அக்கா, "தம்பி, ஆயில் அளவு பாத்தீங்களா?" என்றாள்.

"அத எதுக்கும்மா பாக்கறது? ஆயில் எரியுது, கொறஞ்சுதான் இருக்கும்."

"எங்க வேலையில, வலி முதுகுலன்னாலும் மொதல்ல நிக்கவெச்சுப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே அவளே அந்த அளவுக் கம்பியை உருவினாள். துடைத்து, மறுபடி விட்டு, உருவினாள். கம்பியில் இரண்டு கோடு உண்டு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல்கோட்டையும் தாண்டி அது எங்கேயோ ஏறி நின்றது.

* இது அடிக்குறிப்பு. கீழே போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள், அதனால் இங்கேயே. பொறுமையின் கணக்குப்படி கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம், வெள்ளை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

5

பொறுமைதான் முதலில், "இவ்ளோ ஆயில் இருந்தா டர்போவுக்குப் போன ஆயில் கீழ எறங்க வழி ஏது? அங்கயே தேங்கி, காத்தோட போய் எரியுது. யாரு ஊத்தினது?" என்றார்.

அத்தான் பட்டறைக் கூரையை ஆராய்ந்தார்.

"நீங்களா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம்தான். இவருதான் போன்ல சொன்னாரு, டர்போ வண்டி, ஆயில் மட்டும் கொறையவே கூடாதுன்னு. நீ குளிக்கப் போனப்ப ஊத்தினேன். நீ வழியில எங்கயாவது நின்னுட்டா..."

"அப்பா, நீங்களும் ஊத்தினீங்களா?" என்றாள் மகள். அந்த "உம்" அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவளிடமும் பொறுமை அதையே சொல்லியிருக்கிறார். அவள் தன் பங்குக்கு அரை டப்பா.

எல்லோரும் பொறுமையைப் பார்த்தோம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "வாங்கின அன்னிக்கு செக்கப்புக்கு வந்தப்ப நானும் கொஞ்சம் தாராளமா விட்டேம்மா. அம்மா தனியா சுத்துறவங்களாச்சேன்னு."

(இங்கே அக்காவைக் கோபப்பட வைப்பதா, அழ வைப்பதா என்று இரண்டு வாரம் குழம்பினேன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்.)

அவள் அத்தானைப் பார்த்து, "இத்தன வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல. காருக்கு ஆயில் ஊத்தினீங்களா?" என்றாள். சிரிப்பு வந்ததை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு மெதுவாக, யாரிடம் என்றில்லாமல், "அப்ப நான் கெடுக்கல" என்றாள். அந்த நிமிடம் பொறுமையைக்கூடக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு.

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கூடுதல் ஆயிலை இறக்கிய பிறகு பொறுமை ஒரு குண்டு போட்டார்.

"குழாய்க்குள்ள பழைய ஆயில் இன்னும் இருக்கு. பெரிய ரோட்டுல நல்லா மிதிச்சு ஓட்டுங்க. கொஞ்ச தூரத்துல புகை நின்னுட்டா தப்பிச்சோம். நிக்கலன்னா, இத்தன நாள்ல ஆயிலத் தடுக்கற டர்போ சீலும் போயிருக்கு. அப்ப நேரா டீலர்கிட்ட விட்டுடுங்க, இன்னிக்குத்தான் கடைசி."

முடிவு அ: புகை நின்றது, எல்லோரும் சிரித்தார்கள். (என் மனைவி படித்துவிட்டு, "கார் விளம்பரமா?" என்றாள்.)

முடிவு ஆ: புகை நிற்கவில்லை, அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றாள். (எழுதவே கை வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.)

நடந்ததை நடந்தவரைக்கும் சொல்கிறேன். அக்கா ஓட்டினாள். பக்கத்தில் அத்தான். பட்டறைக்கு ஆட்டோவில் வந்தவர், அந்தக் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை இரண்டு முறை சரிபார்த்தார். பின்னால் மகளும் நானும். பெரிய சாலையில் ஏறியதும் அக்கா மிதித்தாள். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. ஒரு லாரியைத் தாண்டினாள், தயங்காமல், அளவாக.

"நான் கண்ணாடியில பாக்க மாட்டேன்" என்றாள். "டேய், நீ திரும்பிப் பாத்துச் சொல்லு. புகை வருதா?"

திரும்பிப் பார்த்தேன். சொல்ல வாய் திறந்தேன்.

"அவனை எதுக்குக் கேக்கற?" என்றார் அத்தான், முன்னால் சாலையைப் பார்த்தபடியே. "புகை வந்தா அந்த சீலை மாத்திக்கலாம். நீ ரோட்டப் பாரு. நல்லாத்தான் ஓட்டுற."

அக்கா சாலையையே பார்த்தாள். காதோரம் சிவந்துவிட்டது. (அதை மட்டும் எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.) அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவேயில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? பின்கண்ணாடியில் தெரிந்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வேண்டிய நிறத்தில். எங்களுக்கு எதுவானாலும் சம்மதம். டீலர் கடைக்குத் திரும்பும் சாலை வந்தது. அக்கா வேகத்தைக் குறைக்காமல் நேராகப் போனாள்.