இரண்டாவது பள்ளம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் புகை என்று பேர். திரவ நைட்ரஜன் ஊற்றுகிற வேலை. கேனைச் சாய்த்தால் வெள்ளைப் புகை முழங்கால்வரை ஏறும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் யாரையும் அவர் நம்பியதில்லை, ஒரே ஒருத்தியைத் தவிர. அவள் அவருடைய மருமகள். அதே கூடத்தில் ஆராய்ச்சி செய்தவள்.

அவளைத்தான் டைரக்டர் துரத்திவிட்டார்.

இரண்டரை வருஷம் ஒரே ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டினாள். செல்லின் மேல்தோலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற புரதம். ரிசெப்டர் என்பார்கள். வெளியிலிருந்து வருகிற வலிச் சேதியை உள்ளே கடத்துவது அதுதான். அதன் தலையில் ஒரு குழி. அந்தக் குழியில் மருந்து எப்படி உட்காருகிறது என்று படம் பிடித்துவிட்டால், அதைவிடக் கச்சிதமாக உட்காரும் மருந்தைச் செய்யலாம். ஆனால் புரதத்தைச் செல்லிலிருந்து உருவ ஒரு மாதிரி சோப்பு போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் எல்லாம் திரிந்து போகும். அவளுக்கு எத்தனை தடவை திரிந்தது என்று புகைக்குத் தெரியும். சோறு இறங்காமல் எழுந்து போவாளே.

கடைசியில் ஒருநாள் கைகூடியது. பொட்டு அளவு செம்பு வலையில் ஒரு சொட்டு வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உறைய வைத்தாள். மருந்து சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. இரண்டையும் நைட்ரஜனுக்குள் ஒரு பொத்தான் அளவு டப்பியில் இறக்கினாள். டப்பியில் நான்கு பள்ளம், முதல் பள்ளத்தின் பக்கத்தில் ஒரு வெட்டு. அங்கிருந்து எல்லோரும் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக எண்ணுவார்கள். இவள் இடதுகைக்காரி.

"மாமா, என் எண்ணிக்கை எதிர்ப்பக்கமா போகும். ரெண்டுல மருந்து, நாலுல வெறும் புரதம். நோட்டுல அம்புக்குறி போட்டிருக்கேன்" என்றாள் சிரித்துக்கொண்டே.

பதினைந்து நாள் கழித்து, கையில் சுத்தமில்லை, கவனமில்லை என்று எழுதிக் கொடுத்து அவளை வெளியே அனுப்பினார் டைரக்டர். மேசையைக் காலிசெய்தபோது நோட்டைக் குப்பையில் போட்டார்கள். புகை அதைப் பொறுக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

கூடத்துப் பதிவேட்டில் இரண்டில் மருந்து, நாலில் வெறும் புரதம் என்று மட்டும் இருந்தது; மறுநாள் டைரக்டரே டப்பியைத் திறந்தார். கேனும் கையுமாகப் பக்கத்தில் நின்றார் புகை. இடுக்கி இரண்டாவது பள்ளத்துக்குப் போனது. ஊர் எண்ணுகிற இரண்டு. அவள் கணக்கில் அது நாலு, வெறும் புரதம். புகை வாயைத் திறந்தார்.

"யோவ், வாயை மூடு! உன் மூச்சுப் பட்டா ஈரம் ஏறும், எல்லாம் பாழாயிடும்."

புகை வாயை மூடிக்கொண்டார். பதினோரு மாசம் திறக்கவில்லை.

படம் வந்தது. குழிக்குள் என்னவோ மொத்தையாகத் தெரிந்தது. அதுதான் மருந்து என்று ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரையாக அச்சேற்றி, மாலையும் வாங்கிக்கொண்டார் டைரக்டர். அவள் பேர் மருந்துக்கும் இல்லை. அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் புகை ஒளித்து வைத்த நோட்டைத் தொட்டுப் பார்ப்பார். இரு, இரு, என்று பல்லைக் கடிப்பார்.

நாளும் வந்தது. மருந்துக் கம்பெனியிலிருந்து நாலு பேர். அதில் நரைத்த தலையோடு ஒரு கெமிஸ்ட் அம்மா. நறுக்கென்று கேட்டார்: "மருந்து இல்லாத படத்தையும் பார்க்கணும். பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தானே தெரியும்."

"தாராளமா!" என்று ஊர் எண்ணுகிற நாலாவது பள்ளத்து வலையைக் காலையிலேயே மைக்ராஸ்கோப்பில் ஏற்றினார் டைரக்டர்.

பிற்பகலில் படம் திரையில் தெளிந்தது. காலியாக இருக்க வேண்டிய குழியில் கையும் காலும் நீட்டி, அச்சு அசலாக மருந்து உட்கார்ந்திருந்தது.

"அப்போ நீங்க அச்சடிச்ச மொத்தை?" என்றார் அந்த அம்மா. "சோப்பு மாதிரி இருக்கே. இதை நம்பி எங்க ஆளுங்க மாசக்கணக்கா மருந்து வரைஞ்சிட்டிருக்காங்க."

டைரக்டர் திரையை விட்டுத் திரும்பினார். "இங்க ஒரு பொண்ணு இருந்தா. கவனமே கிடையாது. அவதான் மாத்தி வச்சிருக்கா."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் புகை காத்திருந்தார். கேனைக் கீழே வைத்தார்.

"எந்தப் பொண்ணு சார்? அச்சான கட்டுரையோட கடைசிப் பக்கத்துல நீங்களே உங்க கையால செஞ்சதா போட்டிருக்காமே? படிக்கத் தெரிஞ்சவங்களை விட்டுப் படிச்சுக் கேட்டேன்."

கெமிஸ்ட் அம்மா கையிலிருந்த கட்டுரையைப் புரட்டினார். "ஆமா, அப்படித்தான் இருக்கு. எல்லாம் உங்க பேர்தான். அவ செஞ்சாளா, நீங்க செஞ்சீங்களா?"

வசமாக மாட்டினார். நான்தான் என்றால் தப்பு அவருடையது. அவள்தான் என்றால் திருட்டு அவருடையது. புகை சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து, அம்புக்குறி போட்ட பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார்.

"அவ சரியாத்தான் வச்சா. எண்ணத் தெரியாதது யாருன்னு நீங்களே பாத்துக்கங்கம்மா."

டைரக்டர் என்னவோ சொல்ல வந்தார்.

"வாயை மூடுங்க சார்" என்றார் புகை. "ஈரம் ஏறும்."

அன்று சாயங்காலமே கெமிஸ்ட் அம்மா மருமகளுக்குப் போன் செய்துவிட்டார். நோட்டோடு நாளைக்கு வரச் சொன்னார், கட்டுரையைத் திருத்தி அவள் பேரில் போடச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு மாமனாரையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும் மாமா?"

"அன்னிக்கே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே! எத்தனை பேர் அந்தத் தப்புப் படத்தை வச்சு ராப்பகலா உழைச்சாங்க."

"சொல்லியிருந்தா நீ ஓடிப்போய் அவன்கிட்ட சொல்லியிருப்பே. அவன் சத்தமில்லாம திருத்தி, திரும்பவும் அவன் பேரையே போட்டிருப்பான்."

அவள் அடுக்களைக்குப் போனாள். அவருக்குத் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும் என்று நினைத்தார் புகை. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.